கயிறு பிடித்தவள்

“கேமரா உள்ள போயிருச்சு. இப்ப நீங்க கெளம்பலாங்க டாக்டர்” என்று பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செங்கோட்டுவேல் சொன்னபோது தமயந்தி எழுந்திருக்கத்தான் பார்த்தாள். சுழல் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள். துணிக்கு அந்தப் பக்கம் வயிறு, அது சர்ஜனின் ராஜ்யம். இந்தப் பக்கம் தலை, அது மயக்க டாக்டரின் மூலை. ஆஸ்பத்திரியே செங்கோட்டுவேலுடையது என்பதால் நியாயமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் அவருடையதுதான். பக்கத்துத் தியேட்டரில் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிட்டால் எலும்பு டாக்டர் வேலையை ஆரம்பித்துவிடுவார். இங்கே டெக்னீஷியன் ஜெயப்பிரகாஷ் மானிட்டரைப் பார்த்துக்கொள்வான். போய்விட்டு வந்துவிடலாம், இவ்வளவுதான் சங்கதி. செங்கோட்டுவேல் காலையிலேயே சொல்லிவிட்டார், சொன்ன தோரணையில் இனிமேல் தினமும் இப்படித்தான் என்பதும் இருந்தது. ஆனால் எழுந்தவளோடு அவளுடைய இடது கை எழுந்திருக்கவில்லை. அது நோயாளியின் காதுக்கு முன்னால், நாடி துடிக்கிற இடத்தில், விரல்களை வைத்தபடி அப்படியே இருந்தது. அந்த நாடிக்குச் சொந்தக்காரி பாவாத்தாள், பெருந்துறைப் பக்கம், பித்தப்பையில் கல். மேஜையில் ஏற்றியபோது எல்லோரையும்போல முருகனைக் கூப்பிடாமல் தமயந்தியின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “அம்மிணி, என்னையத் தூங்க வெச்சுப்போட்டு நீ போயர மாட்டயல்லொ?” என்று கேட்டிருந்தாள். “போகமாட்டேம்மா. இங்கயேதான் இருப்பேன்.” “நாங் கண்ணு முழிக்கற வரைக்கும்?” “முழிக்கற வரைக்கும்.” எல்லோரிடமும் சொல்கிற பதில்தான், வாய் தானாகச் சொல்லிவிடும். தமயந்தி மறுபடி உட்கார்ந்தாள். “இருங்க சார், பிரஷர் கொஞ்சம் நெலைக்கு வரட்டும்” என்று ஒரு சமாதானம் சொன்னாள். பிரஷர் நிலையாகத்தான் இருந்தது.

போனால்தான் என்ன. ஜெயப்பிரகாஷ் கெட்டிக்காரன், கண் இமைக்காமல் பார்ப்பான், ஏதாவதென்றால் சத்தம் போட்டுக் கூப்பிடுவான், நடுவில் ஒரு சுவர்தானே. ஊரில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறார்கள், அவர்களெல்லாம் டாக்டர்கள் இல்லையா, அவர்களுடைய நோயாளிகளெல்லாம் நன்றாக எழுந்து வீட்டுக்குப் போய் ரசஞ்சாதம் சாப்பிடவில்லையா. தமயந்திக்கு மட்டும் என்ன இந்த வீம்பு. இதே வீம்பில்தான் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியை விட்டாள், பவானியில் ஒன்றை விட்டாள், ஈரோட்டுக்கு வந்து இப்போதுதான் ஒரு வழியாக வேர் பிடித்திருக்கிறது. கணவர் பரந்தாமன் நல்ல மனுஷர், திட்டுகிற ரகம் இல்லை, ஆனால் பவானியிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வரும்போது லாரிக்குப் பின்னால் காரை ஓட்டியபடி, “இந்த வாட்டி கொஞ்சம் அனுசரிச்சுப் போ தமா” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு தடவை போதும், அது காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மகள் நிலானி பன்னிரண்டாம் வகுப்பு, இந்த வருஷம் பள்ளிக்கூடம் மாற்றுவதைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. ஆகவே எழுந்து போய்விட வேண்டியதுதான். எழுந்து, மாஸ்க்கைச் சரிசெய்து, ஜெயப்பிரகாஷிடம் இரண்டு வார்த்தை சொல்லி, கதவைத் தள்ளி, போய். மனசு அதுபாட்டுக்குப் பக்கத்துத் தியேட்டர் வரை போய்க் கையைக் கழுவி ஊசியைக்கூட எடுத்துவிட்டது. உடம்பு ஸ்டூலிலேயே இருந்தது. இந்த உடம்பை யார் இப்படிப் பழக்கினார்கள்?

பீப், பீப் என்று மானிட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அந்தச் சத்தம் சுருதி இறங்கும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம், பேச்சுக்கு நடுவே காதில் விழாது. தமயந்திக்கோ வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அதற்குள் ஒரு பீப் கேட்கும். கைக்குள் ஒரு கயிறு ஓடுவதுபோல, அரை விரல்கடை நகர்ந்தாலும் தெரிந்துவிடும். கயிறு. வந்துவிட்டதா அது. எதை நினைத்தாலும் கடைசியில் அந்தப் பாறையில்தான் போய் முட்டுகிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது என்.சி.சி.யில் பெண்களுக்கு மட்டும் என்று நடத்திய பாறையேற்ற முகாம், கிருஷ்ணகிரிப் பக்கம், வெயிலில் மொட்டைத் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பாறை. அம்மாவுக்கு அரை மனசு, அப்பாவுக்குச் சர்டிபிகேட் ஆசை, கல்லூரி இடத்துக்கு உதவும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தமயந்திக்கு ஒரு ஆசையும் இல்லை, வீட்டைவிட்டுப் பத்து நாள் வெளியே இருக்கலாம் என்பதைத் தவிர. காக்கிச் சட்டைக்குள் வேர்த்து, கூடாரத்தில் பாய் பத்தாமல் படுத்து, விசில் சத்தத்துக்கு எழுந்து, அலுமினியத் தட்டில் வேகாத கிச்சடியைத் தின்று, மூன்றாம் நாள் பாறைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராணுவத்திலிருந்து வந்த பயிற்சியாளரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். இமயமலைப் பக்கத்துக் கட்வால்காரர். அவருக்குத் தெரிந்த தமிழில் எல்லாமே அஃறிணை. மேலே ஒரு வளையத்தில் மாட்டித் தொங்கவிட்ட கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவளின் இடுப்பில், இன்னொரு முனை கீழே நிற்கிறவளின் இடுப்பைச் சுற்றிக் கைக்குள். ஏற ஏறக் கீழே இருப்பவள் கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும், மேலே இருப்பவள் வழுக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வலது கை எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விடக்கூடாது. கொசு கடித்தாலும், தும்மல் வந்தாலும், யார் கூப்பிட்டாலும். மேலே போய்ச் சேர்ந்தவள் “ஆஃப் பிலே” என்று கத்துவாள், இனிக் கயிற்றை விடலாம் என்று அர்த்தம், கீழே இருப்பவள் அதைத் திருப்பிக் கத்துவாள், அதற்கப்புறம்தான் கை எடுக்கலாம். அவ்வளவுதான் சட்டம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஹாஜிரா ஏறினாள். ஆம்பூர்க்காரி, வாயாடி, பாறையில் பல்லி மாதிரி போகிறவள். பாதிக்கு மேல் பாறை வெளியே துருத்திக்கொண்டிருந்தது, அதைத் தாண்டினால் கீழே இருப்பவளுக்கு ஆள் தெரியாது, கயிறு மட்டும்தான் தெரியும். கயிறு மேலே போனது, நின்றது, கொஞ்சம் போனது, நின்றது. அப்புறம் நின்றேவிட்டது. காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஏதோ குரல் கேட்டமாதிரி இருந்தது, ஆனால் அது ஆஃப் பிலேயா, தூரத்தில் ஆடு மேய்க்கிறவன் சத்தமா. தமயந்தி பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது. தோல் கையுறைக்குள் விரல் வெந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை, தலையைத் திருப்பிப் பார்க்கவும் பயம், மேலே அவள் எங்கோ ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறாள் என்றே நினைத்தாள், கயிற்றில் அவ்வப்போது ஒரு அசைவும் இருந்தது, உயிருள்ள அசைவு, காற்றின் அசைவு என்று அப்போது தெரியாது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சாப்பாட்டுத் தட்டு ஒன்று மிச்சமிருக்கிறதே என்று தேடிக்கொண்டு உஸ்தாத் வந்தார். “மேலே யாரு இருக்கு?” “ஹாஜிரா, உஸ்தாத்.” அவர் கயிற்றைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஹாஜிரா பூரி சாப்பிடுது” என்றார். மேலே போய்ச் சேர்ந்தவள் கத்துவதற்கு மறந்து, முடிச்சை அவிழ்த்து, முனையை வளையத்தில் கட்டிவிட்டு, பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை வழியாக இறங்கிச் சாப்பிடப் போய்விட்டிருந்தாள். ஆளில்லாத கயிற்றை ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் என்று முகாமே சிரித்தது. கையில் பாதிப் பூரியோடு ஓடிவந்த ஹாஜிரா விழுந்து விழுந்து சிரித்தாள். தமயந்தி அழுதாள், ஆத்திரத்தில். அன்றிலிருந்து முகாம் முடியும்வரை அவள் பெயர் கயிறு. கயிறு, பல் தேய்ச்சாச்சா. கயிறு, உன் பக்கெட்டைக் குடு. இப்போது ஓசூரில் பள்ளிக்கூடம் நடத்துகிற ஹாஜிரா இன்றைக்கும் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“டாக்டர், இன்னும் ஒக்காந்துட்டா இருக்கீங்க?” செங்கோட்டுவேல் திரையில் கண்ணை வைத்துக்கொண்டே கேட்டார். கோபக்குரல் இல்லை, கோபப்பட்டால்கூடத் தேவலை. “அங்க அந்த மனுசன் வலில கத்திட்டுக் கெடக்கறான். அவனும் உங்க பேஷண்டுதானுங்களே?” இது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார், அவருக்கும் ஒரு பெண்டாட்டி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள், ஊசியை வைத்துக்கொண்டு இங்கே ஒருத்தி பழைய கயிற்றுக் கதையை அசைபோடுகிறாள். “வலிக்கு ஊசி நரம்புல போட்டுட்டுத்தான் வந்தேன் சார். மரத்துப்போற ஊசி இத முடிச்சுட்டுப் போடறேன்” என்றாள். போட்டது வாஸ்தவம்தான், அது முழு வலியையும் எடுக்காது என்பதும் வாஸ்தவம்தான். “முடிச்சுட்டா?” என்றார் அவர். ஜெயப்பிரகாஷ் தரையைப் பார்த்தான். பீப், பீப். எல்லாம் ஒழுங்கு. நாடி ஒழுங்கு, பிரஷர் ஒழுங்கு, மூச்சுக்காற்றின் அலை திரையில் வரிசையாக, குறை சொல்ல இடமில்லாமல். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஏதாவது ஒன்று ஆகக்கூடாதா. சின்னதாக ஒன்று. நாடி சட்டென்று இறங்கட்டும், சத்தம் சுருதி குறையட்டும், நான் பாய்ந்து மருந்தை ஏற்றுகிறேன், எல்லோரும் திகைத்து நிற்கட்டும், நல்லவேளை நீங்க இருந்தீங்க என்று இந்த மனுஷன் வாயால் சொல்லட்டும். விரலுக்கடியில் பாவாத்தாளின் நாடி துடித்துக்கொண்டிருந்தது, ஒரு கல்மிஷமும் இல்லாமல், அவளை நம்பி. நீ ஜெயிக்கவேண்டும் என்பதற்காக இவள் விழவேண்டுமா? கேவலம். மனசாட்சி என்று இத்தனை நாளாகப் பேர் வைத்துக்கொண்டிருந்தது இதுதானா? இல்லை, பதினாறு வயதில் எல்லோரும் சிரித்தார்களே, அந்த ரோஷம்தான் இன்னும் போகாமல் உட்கார்ந்திருக்கிறதா? சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஊர் ஊராக வேலையை விடுகிறாளா?

சிரித்தார்கள், சரி. அதோடு முடிந்திருந்தால் அவள் வேறு ஏதாவது ஆகியிருப்பாள், கண் டாக்டர், தோல் டாக்டர், சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவைச் சாத்துகிற ஏதாவது. கடைசி நாள்தான் கெடுத்தது. அன்றைக்குப் பெரிய பாறை. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே கால் கூசும். ஏறுகிறவள் தன் கயிற்றை யார் பிடிக்க வேண்டும் என்று தானே சொல்லலாம் என்றார் உஸ்தாத். முதலில் ஹாஜிரா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கயிறு பிடிக்கட்டும் உஸ்தாத்.” யாரும் சிரிக்கவில்லை. அடுத்து ஒரு வேலூர்ப் பெண், பக்கெட் விஷயத்தில் தமயந்தியோடு சண்டை போட்டுப் பேச்சே இல்லாதவள், அவளும் “கயிறு.” அதற்கடுத்தவளும். அன்று முழுக்க அந்த ஒரே பெயர்தான். கேலிக்கு வைத்த பெயரை அவர்கள் உயிர்ப் பயத்தோடு சொல்லிக் கேட்டபோது தமயந்திக்குக் கர்வமாக இருந்தது, அப்படி ஒரு கர்வத்தை அதற்கப்புறம் அவள் அனுபவித்ததே இல்லை, தங்க மெடல் வாங்கியபோதுகூட இல்லை. ஒவ்வொருத்தியாக ஏறினாள், ஒவ்வொருத்தியும் மேலேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள், ஆஃப் பிலே, ஆஃப் பிலே என்று இவளும் கத்தினாள். எல்லோரும் ஏறி முடித்து, இனி நீ ஏறு என்று சொல்லும்போது ராணுவ லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டது. அந்தப் பெரிய பாறையில் தமயந்தி ஏறவே இல்லை. உச்சியிலிருந்து அணைக்கட்டுத் தண்ணீர் தெரிந்தது என்று எல்லோரும் லாரியில் பேசிக்கொண்டே வந்தார்கள், இவள் இடுப்பில் கயிறு அறுத்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். மேல்படிப்புக்கு இந்தத் துறையைக் கேட்டபோது, “இவ்வளவு மார்க் வச்சுக்கிட்டு மயக்கமாம்மா? தூங்குறவனுக்கு உன் பேர்கூடத் தெரியாதே” என்று பேராசிரியர் அங்கலாய்த்தார். புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஏதோ பதில் சொன்னாள். உண்மையான பதிலைச் சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். பத்து நாள் முகாம். வேகாத கிச்சடி. அதற்காக ஒரு ஆயுசு முழுக்கக் கீழேயே நிற்பதா? டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கொண்டுவரும் இனிப்புப் பெட்டி சர்ஜன் அறைக்குப் போகும், இவளுக்கு அந்தப் பெட்டியின் மேல்மூடியில் இரண்டு துண்டு வரும். பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பரவாயில்லை என்றால் ஏன் அணைக்கட்டுத் தண்ணீர் அடிக்கடி நினைப்பில் வருகிறது, பார்த்ததே இல்லாத தண்ணீர்.

பித்தப்பை வெளியே வந்தது. கல்லையெல்லாம் கிண்ணத்தில் உருட்டிப் பார்த்து, “நல்லாப் பயிர் பண்ணியிருக்கா பாரு” என்று செங்கோட்டுவேல் யாருக்கோ காட்டினார். கடைசித் தையலும் போட்டாயிற்று. இத்தனை நேரமும் ஒன்றும் ஆகவில்லை. நாடி அசையவில்லை, சத்தம் சுருதி இறங்கவில்லை, ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்திருந்தாலும் இப்படியேதான் முடிந்திருக்கும், தமயந்திக்கே தெரிந்தது. எழுந்து போயிருந்தால் பக்கத்து ஆளின் கால் இந்நேரம் பாதி சரியாகியிருக்கும், வேலையும் நிலைத்திருக்கும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செங்கோட்டுவேல் துணிக்கு இந்தப் பக்கம் வந்தார். “பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகலை” என்றார். “ஆமாங்க சார், ஒண்ணும் ஆகலை.” “உங்க மேல எனக்கொண்ணும் கோபமில்லீங்க டாக்டர். நல்லாத்தான் வேல செய்யறீங்க. ஆனா எனக்கு ரெண்டு தியேட்டரு. கோபில இருந்து ஒருத்தரு வரேங்கறாரு, ரெண்டையும் பாத்துக்குவாராம். அடுத்த மாசத்துலேருந்து அவர வெச்சுக்கலாம்னு இருக்கேன்.” எவ்வளவு மரியாதை. கை கூப்பாத குறை. பரந்தாமனிடம் எப்படிச் சொல்வது, நிலானியிடம் என்ன சொல்வது, இந்த ஊரில் இன்னும் எந்த ஆஸ்பத்திரி மிச்சம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. “சரிங்க சார். இவங்கள எழுப்பணும்” என்றாள். அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார், அது இன்னும் அங்கேயேதான் இருந்தது, பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மயக்கத்தைத் தெளியவைக்கிற மருந்தை ஏற்றினாள். பாவாத்தாளின் மூச்சு முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் தன் போக்கில் வந்தது. இருமினாள். தமயந்தி மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்து அவள் வாயைத் துடைத்தாள். ஜெயப்பிரகாஷ் மெதுவாக, “மேடம், நீங்க அடுத்த தியேட்டருக்குப் போங்க, இனி நான் பாத்துக்கறேன்” என்றான், பாவம், நல்லதுக்குத்தான் சொன்னான். “இரு ஜெயப்பிரகாஷ். இன்னும் சொல்லல.” “யாருங்க மேடம், என்ன சொல்லல?” தமயந்தி குனிந்து, பாவாத்தாளின் காதருகே, “அம்மா. கண்ணத் தொறங்க. உங்க பேர் என்ன?” என்றாள். ஒன்றுமில்லை. கயிறு நின்றுபோன மாதிரி ஒரு நேரம். “அம்மா, பேரச் சொல்லுங்க.” இமை நடுங்கியது, உதடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. “பாவாத்தாளுங்...” “பாவாத்தாள்” என்று தமயந்தி திருப்பிச் சொன்னாள், அந்த அறைக்குத் தேவைப்பட்டதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. கண் முழுசாகத் திறந்தது. விளக்கைப் பார்த்தது, தலைகீழாகத் தெரிகிற முகத்தைப் பார்த்தது, அடையாளம் கண்டுகொண்டது. “ஏனம்மிணி,” என்றாள் பாவாத்தாள், குரல் கம்மிப்போய், லேசான சலிப்போடு, “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?” தமயந்திக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது, மாஸ்க் இருந்ததால் இரண்டும் யாருக்கும் தெரியவில்லை. “முடிஞ்சிருச்சும்மா” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவற்றை உதறிக்கொண்டே அடுத்த தியேட்டரின் கதவைத் தள்ளினாள்.